ஒன்பது அங்குலச் சுவர்

ஆகாயத்திலிருந்து விழுந்த எலுமிச்சம்பழ அளவுக் கல் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு, பிளான் போடுகிறவர் வீட்டுக் கதவைச் சுவராக்கிவிட்டது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், தன் வீட்டில்தான் குக்கர் மூடி விழுந்தது என்று நினைத்து மனைவியைக் கோபித்துக்கொண்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகே வெளியில் வந்து பார்த்தார். பிளான் போடுகிறவர் வீட்டுக் கூரையில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. புகை இல்லை, தீ இல்லை. ஆனால் வாசல் கதவு, நிலை, ஜன்னல், ஜன்னல் கம்பி, பின்கதவு எல்லாம் சுற்றுச்சுவரோடு சேர்ந்து ஒரே கல்லாகிப் போயிருந்தன. உருவம் துளி மாறவில்லை. தாழ்ப்பாள்கூட அது இருந்த இடத்தில் தாழ்ப்பாளாகவே தெரிந்தது. திறக்கத்தான் முடியாது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள், பிளான் போடுகிறவரும் அவர் மனைவியும்.

பிளான் போடுகிறவர் நல்ல மனிதர். தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சிக்கலே அதுதான். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, குரலை உயர்த்தியதுகூடக் கிடையாது. மனைவி எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் ஒரு கல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபது வருஷமாகக் கல் சீவுகிறவள். மலைகளிலிருந்து வருகிற கல்லை வில்லையாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தண்ணீரும் பொடியும் போட்டு, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்ப்பாள். தலைமுடியில் பாதிக் கனம் வந்ததும் நிறுத்துவாள். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கல்லின் பூர்வீகத்தைச் சொல்வார்கள். தேய்க்கிற கை முழுக்கச் சேறு. அந்தக் கையோடு ஒரு நாளைக்கு ஏழு தடவை போன் எடுக்க வேண்டும். “எங்க இருக்க?” “இங்கதாங்க, வேலைல.” “சரி சரி, சும்மாதான் கேட்டேன்.” பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டினால் போன், கடையில் நின்றால் போன், தங்கை வீட்டுக்குப் போனால் தங்கைக்கும் ஒரு போன், அக்கா நிஜமாகவே அங்கேதான் இருக்கிறாளா என்று. “குடுத்து வச்சவ, இப்படிப் பாத்துக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்” என்று தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கோ மூச்சே விட முடியவில்லை. பதினெட்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு துணிப்பையோடு தங்கை வீட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பித் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். கல் அப்போதுதான் விழுந்தது. ஆகாயத்துக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை.

கடப்பாரை கொண்டுவந்தார்கள், டிரில் மெஷின் கொண்டுவந்தார்கள். நாலு டிரில் பிட் போனதுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஆராய்ச்சியாளர்கள் வந்து, பூதக்கண்ணாடியைச் சுவரில் வைத்துப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையளவுக் கல் விழுந்தால் மட்டுமே பாறைக்குள் நடக்கிற காரியமெல்லாம் இந்தச் சுவருக்குள் நடந்திருந்தது. கல்லுக்குள் குருணைபோல இருந்த வெண்மணிகளுக்குள் நேர்நேராக மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. சில மணிகள் சூடே படாமல், உருகாமல், நின்ற இடத்தில் நின்றபடி கண்ணாடியாகியிருந்தன. வெளி உருவம் பழையது, உள்ளே ஒழுங்கு என்பது மருந்துக்கும் இல்லை. சில மணிகள் நெருக்கப்பட்டு எஃகைத் தோற்கடிக்கிற வேறொரு கல்லாகியிருந்தன. அடித்தால் விட்டுக்கொடுக்கிற சுவரும் இல்லை அது. அதிர்ச்சியில் பிறந்தது, ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் இறுகியது. “இதை இனிமே யாரும் தட்ட வேண்டாம்” என்று எழுதி ஒட்டிவிட்டு, விழுந்த கல்லை ஓட்டை வழியாகத் தூண்டில் போட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

உள்ளே இருந்தவற்றின் மாற்றங்களை அவளே பார்த்துத் தெரிந்துகொண்டாள். சமையல் மேடைக் கல்லில் கூம்பு கூம்பாக வரிகள், எல்லாக் கூம்பும் கல் விழுந்த மூலையைப் பார்த்து நின்றன. இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்த மைக்கா தகடு விசிறிபோல மடிந்திருந்தது. பிளான் போடுகிறவர் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்த பென்சில்களில் கரி முழுவதும் வைரமாகிப் போனது. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சீவ முடியவில்லை, எழுத முடியவில்லை, தாள் கிழிகிறது. இத்தனை வைரத்தை வைத்துக்கொண்டு ஒரு கோடு போட முடியவில்லையே என்று அங்கலாய்த்தார். எலக்ட்ரீஷியன் கூரையேறி ஓட்டை வழியாகப் புதுப் பென்சில் இறக்கியதும் சமாதானமானார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிற்று. வாழைப்பழம், முட்டை, வெள்ளரிக்காய், கயிறாய் முறுக்கிய துண்டு, குழாயாய்ச் சுருட்டிய செய்தித்தாள். குழாய்த் தண்ணீரும் கரண்டும் எப்படியோ தப்பித்திருந்தன. போன் மட்டும் உள்ளே எடுபடவில்லை.

போன் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அவள் எங்கிருந்தாலும் தன் கண்ணில் படுகிற மாதிரி, அவர் மேஜையை இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வாசற்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் துணிப்பையை அவள் வேலைக்குக் கொண்டுபோகிற பை என்றே நினைத்து, பத்திரமாக அலமாரியில் எடுத்து வைத்தார். கவலையில் இளைத்திருந்த அவர் உடம்பும் தேறியது. ஆனாலும் பழக்கம் விடுமா? அவள் சமையலறைக்குள் திரும்பினாலே ஒரு குரல் வரும். “எங்க இருக்க?” “இங்கதாங்க.” குளியலறைக் கதவு சாத்தி ஐந்து நிமிஷமானால் மறுபடி ஒரு குரல். சுவரில் கண்ணாடியான மணிகள் வழியே தெருக்காரர்களுக்கு இரண்டு நிழல்கள் மங்கலாகத் தெரியும். ஒன்று உட்கார்ந்திருக்கும், ஒன்று சுவர் ஓரமாகவே நடந்துகொண்டிருக்கும். எவ்வளவு ஒற்றுமையான ஜோடி என்று தெரு மெச்சிக்கொண்டது. எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறி, ஓட்டையில் வாயை வைத்துப் பேசுவாள். அவள் ஒருத்திக்குத்தான் பையின் விஷயம் தெரியும். அவர் குளிக்கிற சமயம் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“என்னன்னு சொல்ல?”

“அன்னிக்கு நீ கிளம்பிட்டேன்னு.”

“சொல்லிட்டு? எந்த ரூம்ல போய்டி உக்காருவேன்?”

தங்கை ஏணியிலேயே நின்று அழுதாள். கண்ணீர் ஓட்டை வழியாக அக்காவின் நெற்றியில் விழுந்தது. “அழாதடி, இங்க ஏற்கெனவே கூரை ஒழுகுது” என்று அக்கா சொன்னாள். சிரித்துத்தான் சொன்னாள், ஆனால் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தட்டினால் இறுகுகிற சுவர், தேய்த்தால் என்ன செய்யும்? பழைய பென்சில்கள் இரண்டைப் பிளந்து, வைரத்தை வைரத்தோடு உரசிப் பொடியாக்கினாள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, பொடியும் தண்ணீரும் போட்டு, வாசல் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்த்தாள். ஆராய்ச்சிக் கூடத்தில் தேய்க்கிற முறை அதுதான். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் சாயும், எட்டுப் போட்டால் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். சாயங்காலம் தட்டைத் துடைத்தபோது சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. அதை விரலில் தொட்டுப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டார். வெளிச்சம் வரட்டும் என்றுதான், சுவரைப் பளபளப்பாக்குகிறேன் என்றாள். அது பொய்யும் அல்ல. அவருக்கு ரொம்ப சந்தோஷம். வரைய வெளிச்சம் வேண்டியிருந்தது, பழைய பென்சில்களை எல்லாம் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார்.

ஒன்பது அங்குலச் சுவர், வருஷத்துக்கு ஓர் அங்குலம். எலக்ட்ரீஷியனின் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்தது. தெருவுக்குப் புதுச் சாக்கடை வந்து அதுவும் அடைத்துக்கொண்டது. தங்கைக்குத் தலை நரைத்தது. அவள் காலையில் நாலு மணி நேரம், பிற்பகல் நாலு மணி நேரம் எட்டுப் போட்டாள். தட்டு தேய்ந்து ஓட்டையானால் அடுத்த தட்டு; கடைசியில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், அதையும் தெரு அன்னியோன்யம் என்றே சொன்னது. பையிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாகக் கட்டித் தீர்த்தாள், பையையே கிழித்துக் கைக்குச் சுற்றிக்கொண்டாள். அவளுடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. சில நாள் தேய்த்தபடியே வாய்விட்டு அழுவாள். என்ன என்று கேட்டால் பொடி கண்ணில் விழுந்துவிட்டது என்பாள். அவர் எழுந்துவந்து கண்ணில் ஊதிவிட்டுப் போவார். அந்த ஊதல்தான் அவளுக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது.

ஒன்பதாம் வருஷக் கடைசியில் சுவர் தாளாகிவிட்டது. கனம் பார்க்க, கண்கூசும் வெளிச்சத்தை வடிகட்டுகிற எலக்ட்ரீஷியனின் கூலிங் கிளாஸை இரண்டாக உடைத்து, ஒரு சில்லை அவளுக்கு இறக்கினார்கள். இன்னொரு சில்லைத் தங்கை வெளியிலிருந்து சுவரில் குறுக்காகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சில்லுக்கும் நடுவே பார்த்தால், கண்ணாடியாகிப் போன மணிகள் கரிய இருட்டாக நிற்கும், மாறாமல் தப்பித்த வெண்மணிகள் மட்டும் நிறம் காட்டும். நிறம் மஞ்சளானால் மெதுவாகப் போக வேண்டும், சாம்பலானால் கையை எடுத்துவிட வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் அதற்குமேல் பத்து எட்டுப் போட்டால் கல் மொத்தமும் கரைந்து வெறும் கண்ணாடித் துண்டு மிஞ்சும். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்படிச் செய்தவருக்குக் ‘கல்முழுங்கி’ என்ற பெயர் ஓய்வு பெறும்வரை நிலைக்கும். அவள் இருபது வருஷத்தில் ஒரு கல்லைக்கூட முழுங்கியவள் அல்ல.

சுவர் மஞ்சளானது, பிறகு சாம்பலானது. அவள் கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. மறுநாள் தட்டைத் தூக்கினாள், சுவருக்கு அரை விரல் தள்ளியே கை மரத்து நின்றது. இடது கையால் முயன்றாள், அதுவும் வரவில்லை. பதினோரு நாள் இப்படியே போயிற்று. வெளியே தங்கை நின்று, “தேய்க்கா, இன்னும் கொஞ்சம்தான்க்கா” என்று கெஞ்சினாள். சுவர் அவ்வளவு மெலிந்திருந்ததால் குரல் தெளிவாகவே கேட்டது. வெளியிலிருந்து தட்டவும் பயம், இறுகிவிட்டால் இன்னொரு ஒன்பது வருஷம். அக்காவும் தங்கையும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல் முகத்துக்கு முகம் நின்றார்கள். அவள் தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். “பாவி, உனக்கு எதுக்குடி இவ்வளவு நல்ல வேலைக்காரின்னு பேரு” என்று கையைப் பார்த்துத் திட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை நாலு மணிக்குப் பிளான் போடுகிறவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அந்தச் சுவருக்கு முன்னால் போட்டார். தெருக்கோடிவரை பளிச்சென்று தெரிந்தது. “ஆகா, என்னமா தெரியுது! இது போதும்மா. இனிமே தேய்க்காத. நீயும் ஒரு நாற்காலி போட்டுக்கோ, ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக எந்த அறையும் இல்லாததால் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள்.

“பாக்குறதுக்காக நான் தேய்க்கலீங்க. போறதுக்காகத் தேய்ச்சேன். கல்லு விழுந்த அன்னிக்கே போய்ட்டிருந்தேன். வேலைக்கு இல்ல.”

அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கை சுவருக்குப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுப் போட்டாள். சாம்பல் நிறம் மங்கியது, மங்கல் கறுத்தது, ஒன்பதாவது எட்டில் தட்டு காற்றில் சுழன்றது. சுவர் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சுவர் இல்லை. காற்று உள்ளே வந்து மேஜைமேல் இருந்த வரைபடங்களைக் கலைத்தது. அவர் குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு தாளையும் விடவில்லை, நிமிரவும் இல்லை. நேரம் நாலு பத்து.

கட்டிக்கொள்ளக் கையை நீட்டி நின்ற தங்கையைத் தாண்டி அவள் நடந்தாள். தெருக்கோடிவரை போனாள், முனையில் திரும்பினாள், அதற்குப் பிறகு காணோம். தங்கை பின்னாலேயே ஓடினாள். திருப்பத்தில் அக்கா இல்லை. தெருவே இறங்கித் தேடியது. மாடி, கிணற்றடி, பஸ் நிறுத்தம், எலக்ட்ரீஷியனின் கடைக்குள்கூட. அந்தத் திருப்பத்தில் ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது. நாலு இருபத்திரண்டுக்கு, ஏற்கெனவே ஆறு பேர் பார்த்துவிட்டுப் போன தண்ணீர்த் தொட்டித் திட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது. பசிக்கிறது என்றாள்.

அவள் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். பிளான் போடுகிறவர் அதே வீட்டில் இருக்கிறார். சுவரில் உள்ள திறப்புக்கு ஒரு படுதா கட்டியிருக்கிறார், வந்து போகிறவர்கள் அதன் வழியாகத்தான் வந்து போகிறார்கள். ஆராய்ச்சிக் கூடம் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, தோள் சாய்ந்திருந்தாலும் அவள் சீவுகிற கல் சாய்வதில்லை. தினமும் மாலை நாலு பத்துக்கு அவள் ஸ்டூல் காலியாகிவிடும். எழுந்து போவதை யாரும் பார்த்ததில்லை, கதவு திறப்பதில்லை, செருப்பு மேஜைக்கடியில் கிடக்கும். முதல் வருஷம் அவர் சரியாக அந்த நேரத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். “அவங்க இப்ப எங்கயும் இல்லீங்க” என்று, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு வைப்பார்கள். பிறகு அவரும் நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அவள் மெஷினுக்குத் தண்ணீர் விடுவதைப் பக்கத்து ஸ்டூல்காரர் பார்த்துக்கொள்கிறார். பன்னிரண்டு நிமிஷம் கழித்து அவள் வந்து உட்கார்ந்திருப்பாள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.