ஆறாம் ஆணியின் உயரம்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று காலை அந்தக் கோபத்தை மேகத்தின் மீது காட்டிக்கொண்டிருந்தேன். மழை வருவதற்குள் ட்ரோனைப் பறக்கவிட்டு இறக்கியாக வேண்டும்.

நாங்கள் அகழாய்வு செய்யும் பழைய மேட்டை மழைநீர் ஓடை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேலிருந்து படமெடுத்து, உயர வரைபடம் செய்து, பழையதிலிருந்து கழித்துப் பார்ப்பேன். மண் போன இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். வரைபடம் நிலத்தோடு பொருந்துவதற்காக மேட்டில் ஆறு இரும்பு ஆணிகள் அடித்திருக்கிறோம். பறக்கவிடும் முன் ஆறு ஆணிகளின் உயரத்தையும் அளக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போகும். அடித்த ஆணி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்துப் பழைய எண்களையே போட்டேன்.

புது வரைபடத்தில் எங்கும் சிவப்பு இல்லை. ஓடைக்கரை உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை நம்பித்தான் அகழாய்வுத் தலைவர் கரையோரக் குழியில் வேலையைத் தொடரச் சொன்னார். இறங்கியவன் என் தம்பி. குழியில் கிடைப்பதை அளவு பிசகாமல் வரைவது அவன் வேலை. இரண்டு ஆள் ஆழம்.

மதியம் தூறல் விழுந்தது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வரைபடத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கரைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மோட்டார் அறையின் சிமெண்ட் தரை நான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் காட்டியது. உரம் போட்டாலும் சிமெண்ட் தரை வளராது.

தரை உயரவில்லை, ஆணி இறங்கியிருக்கிறது. இறங்கிய ஆணியைப் பழைய உயரத்தில் இருப்பதாக நான் சொன்னதால், கணினி அந்தப் பக்கத்து நிலத்தையே தூக்கிக் காட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது ஆறாவது ஆணி ஒன்றுதான். அதற்கு நேர் கீழே தம்பியின் குழி.

போன் அடித்தேன். கொட்டகையில் மாட்டியிருந்த அவன் பைக்குள்ளிருந்தே மணி கேட்டது.

ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் போனது. தலைவர் குடையோடு குறுக்கே வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"குழியில இருந்து அவன் வெளிய வரணும் சார். கரை இறங்குது."

"நீங்கதானே உறுதின்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"தப்பா எழுதிட்டேன்!"

ஓடைக்கு எதிர்ப்பக்கம், ஏணி சாத்தியிருந்த விளிம்பில் மண்டியிட்டுக் கீழே பார்த்தேன். தம்பி பலகைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு செங்கல் தளத்தை வரைந்துகொண்டிருந்தான்.

"ரெண்டே ரெண்டு செங்கல்க்கா. முடிச்சிட்டு வந்துடறேன்."

"ஏறுடா முதல்ல!"

"சும்மா கத்தாத. உன் மேப்பைப் பார்த்துட்டுத்தான் இறங்கியிருக்கேன்."

என்னைவிட என் வரைபடத்தை அவன் நம்பினான்.

"அந்த மேப் பொய்டா! நான் ஆணிய அளக்கவே இல்ல!"

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பென்சிலைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினான். பாதி ஏறியபோது ஓடைப் பக்கச் சுவர் வாய் பிளந்தது. நான் அவன் காலரைப் பிடித்தேன். தலைவர் குடையை எறிந்துவிட்டு அவன் கையைப் பிடித்தார். இருவருமாக இழுத்து மேலே போட்டோம். செங்கல் தளமும் பலகையும் ஏணியும் மண்ணுக்குள் போயின.

கொட்டகையில் தலைவர் அறிக்கைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"கருவி கோளாறுன்னு எழுதிடுங்கம்மா. உண்மையை எழுதினா உங்க வேலை போயிடும்."

"ஆமாக்கா, அப்படியே எழுதிடு. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றான் தம்பி.

சொல்லிக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தான். மயிரிழை பிசகாமல் கோடு போடும் கை அது. டம்ளர் வாய் வரை போகவில்லை, தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது. மறு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். அதுவும் நடுங்கியது.

டம்ளரை வாங்கி நானே அவனைக் குடிக்க வைத்தேன். பிறகு பேனாவை எடுத்து எழுதினேன்: கருவியில் கோளாறு இல்லை. ஆணிகளை நான் அளக்கவில்லை.