திருப்பி வைத்த பங்களா

"முழு மாளிகையைத் தூக்கித் திருப்பி வச்சவனாக்கும் நான். காலையில மலையைப் பாத்து நின்னுது, சாயங்காலம் கடலைப் பாத்துது!"

கொத்தனார் இஸ்ரவேல் இதைச் சொல்லாத கல்யாணப் பந்தி திற்பரப்பு வட்டாரத்தில் கிடையாது. விருந்துக்கு விருந்து அந்தப் பங்களா வளர்ந்தது. போன மாசம் சன்னல் நூறு, புகைக்கூண்டு ஏழு. எல்லோரும் சிரிப்பார்கள், மனைவி தங்கபாய் தவிர.

முப்பது வருஷத்துக்கு முன், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, சீமையில் தன் அப்பா வாழ்ந்த வீட்டைப் போலவே தோட்டத்து மேட்டில் ஒன்று கட்டச் சொல்லி, இஸ்ரவேலிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். படத்தில் கூடத்தின் வடமேற்கு மூலையில் ஓர் அடுப்பு. அது குளிர்காய்கிற அடுப்பு என்று இஸ்ரவேலுக்கு யார் சொன்னார்கள்? ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்தான். ஆனாலும் அக்கினி மூலையை விட்டு அடுப்பு வேறெங்கே இருக்கும்? படத்தை அப்படியே சுற்றிப் பிடித்தார். அடுப்பு தென்கிழக்கில் உட்கார்ந்தது. கடலைப் பார்க்க வேண்டிய வாசல் மலைப்பாறையைப் பார்த்தது.

துரை வந்தபோது சுவர் ஆளுயரம். இடித்து, திருப்பிக் கட்டி முடிக்கும்வரை இஸ்ரவேலை மேட்டை விட்டு இறங்க விடவில்லை. அந்த ஆறு மாசத்தில்தான் ஊரில் அவர்கள் மகள், நாலு வயசு நேசம்மாள், காய்ச்சலில் போனாள். சேதி மேட்டுக்கு எட்டவில்லை. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வந்து நின்றவர், "வீட்டைத் திருப்பிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"எனக்க பிள்ளை சாவக் கெடக்கும்போ வீட்டைத் திருப்புனியளோ? எந்தக் கள்ளுக்கடையில கெடந்தியளோ!"

அதன்பிறகு தங்கபாய் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அவர்தான் பேசினார், ஊரெல்லாம், பெருக்கிப் பெருக்கி.

ஐம்பத்திரண்டில் தோட்டம் கைமாறியது. பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேட்டதும், "ஏட்டி, வா, காட்டுகேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"என்னத்தக் காட்டுவிய? கல்லும் உங்களுக்காகப் பொய் சொல்லுமோ?"

ஆனாலும் வந்தாள். தூறலில் கூரையில்லாமல் நின்றது வீடு. சன்னல் பதினொன்று, புகைக்கூண்டு ஒன்றே ஒன்று. எண்ணி முடித்து அவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

கூடத்தில் தளக்கல் பெயர்த்துக்கொண்டிருந்த ராஜையன் கடப்பாரையை நிறுத்தினான். "இதென்ன கூத்து, கொத்தனாரே? வீட்டுக்கு அடியில ஒரு வாசல் கெடக்கு!"

கருங்கல் படிகள் மூன்று, கடலுக்கு முதுகைக் காட்டி, பாறையைப் பார்த்து இறங்கின. ஒரு காலும் மிதிக்காத விளிம்பு, உளி பட்ட கூர் அப்படியே இருந்தது.

தங்கபாய் குழிக்குள் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். எதிரே பாறை, ஈரத்தில் கறுத்துக்கிடந்தது.

"திருப்பித்தான் வச்சிருக்கிய," என்றாள் படியின் விளிம்பைத் தடவி. "அப்போ, இங்கதான் இருந்திருக்கிய."

மழை வலுத்தது. படிகளில் வழிந்த தண்ணீர் அவள் காலடியில் தேங்கத் தொடங்கியது.