ஆர்லிஸ் டிரெய்லரைப் பின்னால் எடுத்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்கில், வந்து முகாமிட்டுத் தங்க இடம் விடுகிற ஓர் ஏரிப் பூங்கா. ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பக்கத்து இடத்துக்கு ஒரு டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு, வந்து சேர்ந்தது. அதை இழுத்துவந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். பின்னால் நின்று கைகாட்டியவர் அவள் கணவர். பாதியில் அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவரிடம் நடந்துபோய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து ஏறிக்கொண்டாள்.

அவள் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அதை யாருக்காவது ஒரு கடிதத்தில் நாலு வரியாக எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். விழாததால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

அவளுக்கு ஆர்லிஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வெர்லின். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கூட வந்திருந்த பெண்ணை அவர்களுடைய மகளாக்கி ஹெய்டி என்று அழைக்கிறேன்.

(ஒரு பேத்தியையும் சேர்த்திருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே பெரிய மனுஷிபோலப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஊருக்கு அனுப்பிவிட்டேன்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"ஏரி ஒரு பெரிய கண்ணாடியைப்போல..." கோடு போட்டு அடித்தாயிற்று. ஏரி அன்று ஏரியைப்போலத்தான் இருந்தது.

"மனிதன் ஏன் வீட்டையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான் என்று யோசித்தால்..." யோசித்தேன். கட்டுரையாகிவிடும் போலிருந்தது. அதோடு நானும் இழுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"ஆர்லிஸுக்கு அன்று காலையிலிருந்தே டிரெய்லர் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்க்கத் தோன்றியது." இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

3

ஆர்லிஸுக்கு அன்று காலையிலிருந்தே டிரெய்லர் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்க்கத் தோன்றியது. டிரெய்லர் இவர்களிடம் தங்குமா போய்விடுமா என்பது இந்தப் பயணத்தில்தான் முடிவாகப்போகிறது.

போன குளிர்காலத்தில் வெர்லினுக்கு வலது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. நேரே பார்த்தால் ஆள் தெரிகிறது, ஆனால் தூரம் பிடிபடுவதில்லை. ஜாடியிலிருந்து டம்ளரில் ஊற்றினால் மேசையில் கொட்டுகிறது. அப்படிப்பட்ட கண்ணோடு டிரெய்லரைப் பின்னால் எடுக்க முடியாது. பின்னால் எடுக்க ஆள் இல்லாத டிரெய்லர் எதற்கு என்று அவரே தம்பி கர்ட்டைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். யாராவது வந்து சாவியைக் கேட்கும் முன் தானே கொடுத்துவிடுகிற சுபாவம்.

நான் ஓட்டுகிறேன் என்று ஆர்லிஸ் சொன்னாள். வெர்லின் மறுக்கவில்லை. சரி, பார்க்கலாம் என்றார். மினசோட்டாக்காரர் 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் அது 'வேண்டாம்' என்று முடிந்துபோன விஷயம்.

அவளுக்கு டிரெய்லர் ஏன் வேண்டும்? இங்கே மூன்று காரணம் எழுதி இரண்டை அழித்தேன். மிஞ்சியது இது: வெர்லின் அதற்குள்தான் பேசுவார். வீட்டில் சாப்பிட்ட கையோடு கார் ஷெட்டுக்குள் போய்விடுவார். டிரெய்லருக்குள் அப்படி நழுவிப்போக இடமில்லை. மழை பெய்கிற நாளில் அந்தச் சின்ன மேசைக்கு எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தால், தன் அப்பாவைப் பற்றி, இறந்துபோன நாயைப் பற்றி, பயத்தைப் பற்றிக்கூடப் பேசுவார். அவளுக்குத் தெரிந்த வெர்லினில் பாதி அந்த மேசையில் கிடைத்தது.

ஆகவே ஏப்ரலில் பனி உருகியதும், வார நாட்களில் காலியாகக் கிடக்கும் தேவாலயத்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வெர்லினிடம் சொல்லாமல் ஹெய்டியை அழைத்துப்போய், சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்திவைத்துப் பழகினாள். ஆரம்பத்தில் நிறையக் கூம்புகள் நசுங்கின. ஜூலைக்குள் நசுங்குவது நின்றது.

4

இப்போது நான் பார்த்த பகுதி.

[குறிப்பு: இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது சுற்றியுள்ளவர்கள் தங்கள் நாற்காலிகளை ஏரிப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கடைக்கண் மட்டும் டிரெய்லர்மேல் இருக்கும். கேட்காமல் போய் உதவுவது அவமதிப்பு. பார்ப்பது அவமதிப்பில்லை, பார்ப்பதைக் காட்டிக்கொள்வதுதான் அவமதிப்பு.]

இத்தனை வருடமும் வெர்லின் ஓட்டினார், ஆர்லிஸ் பின்னால் நின்று கைகாட்டினாள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நீட்டுவாள். வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தக் கணக்கை வெர்லின் தன் இருக்கையில் போட்டுக்கொள்வார்.

இன்று இடம் மாறி நின்றார்கள். வால் இடப்பக்கம் போக வேண்டியிருந்தது. வெர்லின் இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் இல்லாத ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினார். ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். வலப்பக்கம் காட்டுகிறார், வாலை வலப்பக்கம் விடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கச்சிதமாக வலப்பக்கம் விட்டாள். அங்கே மின்சாரக் கம்பம் இருந்தது.

வெர்லின் இன்னும் வேகமாகத் திருப்பினார். அவள் இன்னும் வாலை விட்டாள். இரண்டு பேருமே தப்புச் செய்யவில்லை, டிரெய்லர் மட்டும் கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நில்லு," என்றாள் ஹெய்டி. நின்றது. கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம்.

சுற்றிலும் அத்தனை பேரும் ஏரியை அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

5

அவள் இறங்கினாள், நடந்தாள், சொன்னாள். என்ன சொன்னாள்?

முதல் வரைவு: "உனக்கு நான் ஓட்டுறது பிடிக்கல, அதான் வேணும்னே..." இல்லை. இப்படிச் சத்தம் போட்டிருந்தால் என் காதில் விழுந்திருக்கும். போதாக்குறைக்கு, வெர்லின்மேல் எனக்கிருந்த சந்தேகத்தைத்தான் அவள் வாயில் திணித்திருந்தேன். அவருக்கு உள்ளுக்குள் அவள் தோற்க வேண்டும் என்றிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். அவர் கைகளை மறுபடி யோசித்துப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. தோற்கவிடுகிறவன் கைகள் அவ்வளவு பாடுபடாது.

இரண்டாம் வரைவு: "வா வெர்லின், நீயே எடு." இப்படிச் சொல்லியிருந்தால் அவள் திரும்பி ஏறியிருக்கமாட்டாள்.

மூன்றாவது:

"வெர்லின், யாரு ஓட்டுறா?"

"நீதான்."

"உன் கை ஓட்டிக்கிட்டு இருக்கே."

அவர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் இன்னும் மார்பளவில், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கிற இடத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தன.

"அட, ஆமா," என்றார்.

"வீட்டோட வால் எங்க போகணும்னு காட்டு, போதும். ஸ்டீயரிங் என் தலைவலி."

"ஒரு கை போதுமா?"

"ஒண்ணு போதும். இன்னொண்ணைப் பாக்கெட்ல வச்சுக்கோ. இல்லன்னா அதுவும் ஓட்டும்."

இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அடுத்து நான் கண்ணால் பார்த்தது இது: அவள் ஏறிக் கொஞ்சம் முன்னே போனாள். அவர் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறுகையை இடப்பக்கம் நீட்டினார். நீட்டிய கை அசையவில்லை. டிரெய்லர் வளைந்து, யோசித்து, நேராகி, உள்ளே போய் நின்றது.

நாற்காலிகள் திரும்பின. இனிப் பார்க்கலாம். ஒருவர் விறகுக்கட்டோடு போனார், ஒருத்தி சோளக்கதிர்களோடு போனாள். நான் என் காப்பிக் கோப்பையைச் சற்றே உயர்த்தினேன். இங்கே அது கைதட்டலுக்குச் சமம். ஆர்லிஸ் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவள் கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது. வெர்லின் மறுபக்கத்து இடத்துக்காரரிடம், அவர் கேட்காமலேயே, ஏப்ரலிலிருந்து பழகியிருக்கிறாள், தனக்குத் தெரியாதென்று நினைக்கிறாள், நசுங்கின கூம்பையெல்லாம் கார் ஷெட்டில்தானே ஒளித்துவைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

(இந்தக் கடைசி வாக்கியம் நான் இட்டுக்கட்டியது. இருக்கட்டும் என்று விட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.)

6

நான் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கற்பனை. அதற்கும் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ஆர்லிஸ் டிரெய்லரைக் கொடுத்துவிடுகிறாள். ஒருமுறை உள்ளே விட்டதே போதும் என்ற நிறைவோடு. படிக்க அழகாக இருந்தது. ஆர்லிஸுக்குப் பிடித்திருக்காது.

இன்னொன்றில் வெர்லின் நீளமாகப் பேசித் தம்பியைத் திருப்பி அனுப்புகிறார். டிரெய்லருக்கு வெளியே அவர் அவ்வளவு பேசமாட்டார்.

ஆகவே இவ்வளவுதான் தருகிறேன். கர்ட் வந்தான். டிரெய்லரின் கொக்கியை மாட்டுகிற இரும்பு உருண்டையைச் சரியான அளவில் தன் வண்டியில் பூட்டிக்கொண்டே வந்திருந்தான். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்கும் ஒரு கதிரைக் கொடுத்தாள் ஆர்லிஸ். மீன் பற்றி, சாலை வேலை பற்றி, வரப்போகிற மழை பற்றி நாகரிகமாகப் பேசி முடித்தபின் கர்ட் கேட்டான்:

"அப்ப என்னண்ணா, இன்னைக்கே மாட்டிரட்டுமா?"

வெர்லின் கையிலிருந்த குச்சியால் நெருப்புக் கங்குகளைக் கிளறினார்.

"என்கிட்ட ஏன் கேக்கிற? ஓட்டுறது உங்க அண்ணி."

கர்ட் அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி?"

ஆர்லிஸின் வாய் நிறையச் சோளம். வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை அவள். ஒரு விரலைத் தூக்கி, இரு என்று காட்டினாள். வெர்லின் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஹெய்டி மட்டும் ஏரியைப் பார்த்தாள்.

அவள் நிதானமாக மெல்லட்டும். நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.