குழாய்த் தண்ணீர் மாதிரி

சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று மொரீஷியஸ் தீவு முழுதும் வாக்குவாதம் நடந்த 1967இல், ரோஸ் பெல்லில் விஞ்ஞான வாத்தியாரான விநாயகம் அதற்கு அடுத்த கேள்விக்கே பதில் வைத்திருந்தார். சுதந்திர நாட்டுக்கு எரிபொருள் எது? சர்க்கரை ஆலை கழித்துவிடும் கரும்புப் பாகு. தோட்டத்து மண்ணைக் கொதிக்க வைத்தாலும் சாகாத சில கிருமிகள் அந்தப் பாகைத் தின்று ஹைட்ரஜன் விடும். அவை கூலி உயர்வு கேட்காது என்பதையும் கூட்டத்துக்குக் கூட்டம் சேர்த்துக்கொள்வார்.

பாகையும் கிருமியையும் போட்டு மூடும் டிரம்மை வைக்க மடப்பள்ளிக்குப் பின்னால் இடம் கொடுத்தவர் கோயில் கமிட்டித் தலைவர் அப்பாசாமி.

"ஆபத்து ஒண்ணும் இல்லையே, மிஸ்யே?" என்று வாத்தியாரைக் கேட்டிருந்தார் அவர்.

"குழாய்த் தண்ணி மாதிரி" என்றிருந்தார் விநாயகம்.

செய்து காண்பிக்கும் நாளில் ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. முன்வரிசையில் அவர் மனைவி தெய்வானை, நிறைமாதம். டிரம்மில் நுரை பொங்கியது. வாயு சுண்ணாம்பு நீரைக் கடந்து, கயிற்றில் கட்டிய ஆளுயரப் பலூனை உப்ப வைத்தது. அவிழ்த்துவிட்டால் நேரே மேலே ஏறும் என்று விநாயகம் சொல்லியிருந்தார். குழாய் மூட்டில் மெல்லிய சீறல். அது விநாயகத்துக்கு மட்டும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த கோயில் குருக்கள் வெங்கடசுப்பிரமணியன் கற்பூரத் தட்டோடு தோன்றினார்.

"இது எதுக்கு?" என்றார் விநாயகம்.

"புது பஸ்ஸுக்கே காட்டுறோம். உங்க டிரம்முக்குக் காட்டாம விடுறதா?" என்றார் அப்பாசாமி.

"கொஞ்சம் தள்ளி நின்னு காட்டலாமே, சாமி."

"தள்ளி நின்னா அது ஆரத்தியா? கிட்ட வந்து நன்னா சுத்திடறேன்."

வெடிக்கும் என்றால் தம் வாக்கு பொய்யாகும். சொல்லாவிட்டால் முன்வரிசையில் தெய்வானை. விநாயகம் குனிந்தார்.

"இங்க வெயில். பின்னால போய் உட்காரேன்."

"மோ ப்யேன் இசி. இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

தட்டு ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்று, சீறிய குழாய் மூட்டுப் பக்கம் தாழ்ந்தது. விநாயகம் பாய்ந்து கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தார்.

தாலி அறுந்தாலும் அத்தனை அமைதி வந்திருக்காது. எச்சில் பட்ட தட்டைக் குருக்கள் கீழே போட்டார்.

"ஏன் மிஸ்யே இப்படி?"

"வெடிக்கும்."

"குழாய்த் தண்ணியா?" என்ற அப்பாசாமி, பதிலுக்குக் காத்திராமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டார். பின்னாலேயே கமிட்டி, குருக்கள், ஊர். யார் காலோ சிக்கிப் பலூனின் கயிறு அவிழ்ந்தது.

பலூன் விநாயகம் சொன்னபடியே, செங்குத்தாக, கோபுரத்தைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கு மேலே ஏறியது. பார்க்க இருந்தது ஓட முடியாத தெய்வானை மட்டும்.

"கெட் சா" என்று கை நீட்டினாள். "பாருங்க, ஏறுது."

விநாயகம் பார்க்கவில்லை. ஈரத் துணியால் குழாய் மூட்டை இறுக்கிப் பிடித்தபடி, தரையில் கிடந்த கற்பூரம் முழுதும் அணைந்துவிட்டதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.