ஆரோய்த்து

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை பிற்பகல், மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் அட்டை ஆலையின் சொந்த மின்நிலையம் நின்றுபோனது. உலர்த்தும் உருளைகளில் ஓடிக்கொண்டிருந்த ஈர அட்டை அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க மறுநாள் ஆனது.

அன்று காலை மாதேவியும் கமலம்மாளும் எப்போதும்போலக் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆலையின் பின்புற மைதானத்தில் தொட்டி போல வளைந்த கண்ணாடிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே போகும் குழாயில் எண்ணெய் வெயிலில் கொதிக்கும். அந்தச் சூடு கொதிகலனுக்குப் போய் நீரை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும். வெயில் அடித்தால் கொதிகலனின் பர்னரில் எரியும் காஸைக் குறைப்பார்கள். மேகம் வந்தால் கூட்டுவார்கள். கண்ணாடியில் தூசி படிந்தால் காஸ் செலவு ஏறும் என்பதற்காகவே இந்த இரண்டு பெண்களும் கான்ட்ராக்டில் எடுக்கப்பட்டிருந்தார்கள்.

"எம் மூஞ்சிய இத்தன தடவ தேய்ச்சிருந்தா நானும் பளபளன்னு ஆயிருப்பேன்" என்றாள் கமலம்மாள், நீளக் கம்பில் கட்டிய துணியைப் பிழிந்தபடி.

"ஆகி?"

"ஆகி என்ன, வர்ற ஆபீசருங்க எல்லாம் எம் முன்னால நின்னு தல சீவுவாங்க."

மாதேவி சிரித்தாள். அவள் இடுப்பில் வாக்கி டாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணாடி கழுவுகிறவளுக்கு உரியதல்ல. எண்ணெயின் சூட்டையும் பர்னரில் சுடர் எரிவதையும் கன்ட்ரோல் ரூம் திரையில் காட்டும் வயரை மார்ச் மாதம் பெருச்சாளி கடித்துவிட்டது. புது வயர் வருகிறவரை ஓர் ஆளை அங்கே நிறுத்த வேண்டும் என்று ஆலை சொன்னது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ரவிக்குமார் புதிதாக ஆள் போடவில்லை. வாக்கி டாக்கியை மாதேவியிடம் கொடுத்தார். "முள்ளு எறங்குச்சுன்னா சொல்லு, சுடர் அணைஞ்சா சொல்லு, அஷ்டே, அவ்ளோதான்" என்றார்.

மூன்று மாதம் சிக்கல் வரவில்லை. கன்ட்ரோல் ரூமில் இருந்த மல்லப்பன் கொள்ளேகாலத்துக்காரர். மாதேவி அதற்குப் பக்கத்திலிருக்கும் ஹனூர்க்காரி; இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். "ஆறிப்போச்சுங்ணா" என்று அவள் சொன்னால், எண்ணெய் ஆறிவிட்டது என்று புரிந்துகொண்டு அவர் காஸைக் கூட்டுவார்.

செவ்வாய்க்கிழமை மல்லப்பன் வரவில்லை. கிரண் என்ற மண்டியா பையன் உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. தமிழ் தெரியாது.

மதியம் கடந்து சாமுண்டி மலைப் பக்கமிருந்து கருமேகம் ஏறியது. கண்ணாடிகள் மங்கின. குழாயின் முனையில் எண்ணெயின் சூட்டைக் காட்டும் வட்டமானியில் முள் இறங்க ஆரம்பித்தது. மாதேவி பொத்தானை அழுத்தினாள். அந்தப் பையனுக்குப் புரிய வேண்டும் என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

"சார், ஆரோய்த்து சார்."

"ஏனம்மா?" என்னம்மா என்று கேட்டான் கிரண்.

"ஆரோய்த்து, ஆரோய்த்து. பேக நோடி." சீக்கிரம் பாருங்கள் என்றாள்.

அடுத்த நொடி பர்னரின் இரைச்சல் அறுந்தது. டர்பைனின் ஓசை மெல்ல இறங்கி இல்லாமல் போனது. கமலம்மாள் கம்போடு திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி பண்ணுன?"

"காஸக் கூட்டச் சொன்னேன்" என்றாள் மாதேவி.

மாலையில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கிரண் ஏற்கெனவே நின்றிருந்தான். அவன் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. ரவிக்குமார் கதவோரம் நின்றார். மேனேஜர் கன்னடத்தில் கிரணிடம் கேட்டார், ஏன் காஸை மூடினாய் என்று. அந்தம்மா சொன்னதால்தான் என்றான் அவன். சுடர் இல்லாமல் காஸ் போனால் கொதிகலன் வெடித்துவிடும் சார், வேறென்ன செய்வது.

மேனேஜர் மாதேவியைப் பார்த்தார். "ஆரோய்த்து அந்தா ஹேளிதியா?"

அப்படிச் சொன்னாயா என்று கேட்கிறார். சொன்னதைச் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது.

"ஹௌது சார். ஹேளிதே."

"எரடு சல?"

இரண்டு தடவைக்கு மேலேயே சொன்னதாக அவள் ஒப்புக்கொண்டாள். சரியாக வேலை செய்ததற்கு அது சாட்சி என்று நினைத்தாள். ரவிக்குமாரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் செக்யூரிட்டி அவளுடைய பாஸை வாங்கி வைத்துக்கொண்டான்.

மகள் மோகனப்ரியா பி.யு.சி. இரண்டாம் ஆண்டு. அவளுடைய படிப்புக்காகத்தான் ஹனூரிலிருந்து இந்த ஒற்றை அறைக்கு வந்தது. மாதேவி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் புத்தகத்தை மூடினாள்.

"அம்மா, நீ என்ன வார்த்த சொன்ன, கரெக்டா சொல்லு."

"ஆறிப்போச்சுன்னு கன்னடத்துல சொன்னேன். போச்சுன்னா ஹோய்த்துதான? ஆரோய்த்து."

"ஐயோ. ஆரோய்த்துன்னா வெளக்கு அணைஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா. பர்னர் கிட்ட நின்னு அப்படிச் சொன்னா சுடர் அணைஞ்சிருச்சுன்னுதான் எடுத்துப்பாங்க. சூடு கொறஞ்சா தண்ணகாய்த்துன்னு சொல்லணும்."

மாதேவி இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒருவிதத் தெம்பு வந்தது. "அப்ப சொன்னாப் புரிஞ்சுக்குவாங்கல்ல? ரவியண்ணனுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்."

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே அவரைப் பிடித்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்தபடியே கேட்டார். அவள் ஆறியதற்கும் அணைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மகள் சொன்ன மாதிரியே சொன்னாள்.

"நோடு மாதேவி, எனக்கு நேத்தே தெரியும்."

"தெரியுமாங்ணா?"

"ரூமுக்குள்ள கிரண் சொன்னப்பவே தெரியும்."

"அப்ப ஏனுங்ணா சொல்லல?"

"சொன்னா மேனேஜர் அடுத்து என்ன கேப்பாரு? வயர் ஏன் மூணு மாசமா மாத்தலேன்னு கேப்பாரா? அது அவரு வேல. கண்ணாடி தொடைக்கிறவ கையில யாரு வாக்கி டாக்கி குடுத்தான்னு என்னத்தான் கேப்பாரு. கான்ட்ராக்டே போயிடும். எங்கிட்ட இருபது பேரு இருக்காங்க."

"எனக்கு எம் புள்ள இருக்காளுங்ணா."

"கொஞ்ச நாள் சும்னிரு, எதுவும் பேசாத. பாக்கலாம்."

"வார்த்தையத்தான தப்பாச் சொன்னேன். வேலையத் தப்பாச் செய்யலீங்களே."

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். "அதான் நீயே சொன்னேன்னு ஒத்துக்கிட்டியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜூலை முதல் வாரத்தில் மாதேவி பையில் இருந்த கையுறையையும் ரப்பர் செருப்பையும் திருப்பிக் கொடுக்கப் போனாள். கம்பிவேலி வழியாக மைதானம் தெரிந்தது. கமலம்மாள் தனியாகக் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தாள். வாக்கி டாக்கி அவள் இடுப்பில் இருந்தது. வெயில் மறைந்ததும் அவள் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வட்டமானியைப் பார்த்தாள்.

"சார், தண்ணகாய்த்து சார்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக.

பர்னரின் இரைச்சல் கூடியது. புது வயர் வந்திருக்கவில்லை.