தூக்கு, மீட்டு, வெரசு

தலைச்சுமைக் கணக்கில் சென்றாயன் மறுபடியும் தோற்றான்.

"ஒருவன் அறுபது பவுண்டுச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரு மைல் நடந்தான். புவியீர்ப்பை எதிர்த்து அவன் செய்த வேலை எவ்வளவு?" விடை, பூஜ்யம். சென்றாயன் செத்தாலும் பூஜ்யம் எழுத மாட்டான்.

"மூட்டை மேலயும் போவல, கீழயும் எறங்கல. அப்ப வேலை இல்லடா" என்றான் ராஜாமணி.

"எங்கம்மா ஏரியூர்லருந்து சந்தைக்கு ராகி மூட்டை சொமக்குது. வேலையே செய்யலன்னு அதுகிட்ட வந்து சொல்லு. வெளக்குமாறு பிஞ்சிரும்."

"பொஸ்தகத்துல போட்டிருக்குதுடா."

"பொஸ்தகம் மூட்டை தூக்குச்சா?"

தங்கம்மாள் சிரித்தாள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸின் மகள். வகுப்பில் ஒரே பெண். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேட்டி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், தன் அம்மாவின் கண் படுகிற இடத்தில் உட்கார்ந்தால் இவர்களோடு சேர்ந்து படிக்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள்.

1946. தருமபுரியில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறவர்கள் முதலில் பள்ளிக்கூடமே வைக்கும் செலக்ஷன் பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவன் பெயரை சர்க்கார் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். சென்றாயனுக்கு மற்றப் பாடங்கள் தேறிவிடும். பௌதிகம்தான் இழுத்தது. இழுத்தால் எங்கே போய் விழுவான் என்பதும் தீர்மானமாகியிருந்தது. அவன் மாமன் மாது கரி லாரி ஓட்டினார். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் சுலபமாகக் கிடைக்காததால், லாரியின் முதுகில் அடுப்பு கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். அடுப்புக்குக் கரி தள்ள ஒரு கிளீனர் வேண்டும். பழைய கிளீனர் இருமி இருமி ஊருக்குப் போய்விட்டான். செலக்ஷன் ஆகாவிட்டால் அந்த இடம் சென்றாயனுக்கு. அப்பாவும் மாமனும் பேசி முடித்துவிட்டார்கள். அவனை யாரும் கேட்கவில்லை.

"உங்களுக்குக் கணக்குல தகராறு இல்லீங்க. வேலைங்கிற வார்த்தையிலதான் தகராறு" என்றாள் தங்கம்மாள். "அதைத் தூக்கிப் போடுங்க. வேற பேர் வைங்க. எவ்வளவு பாரத்தை எவ்வளவு ஒசரம் தூக்குனான்? அவ்வளவுதானே?"

"தூக்கு" என்றான் சென்றாயன்.

"அபசகுனமா இருக்குதுடா" என்றான் ராஜாமணி.

"உனக்கு இல்ல, கணக்குக்கு. சமதரையில தூக்கு எவ்வளவு? ஒண்ணுமில்ல. பூஜ்யம்." எழுதினான். அம்மாவுக்குத் துரோகம் செய்ததாகத் தோன்றவில்லை. அவள் செய்தது வேலை. தூக்கு வேறு.

அன்றிலிருந்து அதே பிழைப்பாகிவிட்டது. பாடப்புத்தகத்துத் தமிழ் மூன்று பேருக்குமே புதிது. திறன் என்றால் எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறாய் என்பது. அதற்கு 'வெரசு' என்று பெயர் வைத்தார்கள். நெம்புகோலுக்குப் பெயர் ராஜாமணி தந்தான். அவன் வீட்டில் கன்னடம். கல்லை நெம்பும் கட்டையை அவன் அப்பா 'மீட்டு' என்பார். ராஜாமணியின் வியாதி வேறு மாதிரி. சூத்திரம் எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால், அதில் இருக்கிற எல்லா எண்களையும் பெருக்கிவிடுவான். சென்றாயன் அவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, "மொதல்ல வாயால சொல்லு. எது ஏறுது, எவ்வளவு ஏறுது?" என்பான். வாயால் சொல்லாமல் யாரும் எழுதக் கூடாது. செலக்ஷன் பரீட்சை வருவதற்குள் பாடப்புத்தகத்து வார்த்தைகள் மூன்று பேருக்கும் மறந்தே போயின.

வினை அங்கேதான் இருந்தது.

சயின்ஸ் வாத்தியார் சேஷையா விடைத்தாள்களோடு வகுப்புக்குள் வந்தபோது முகம் சரியில்லை.

"சென்றாயன், ராஜாமணி, தங்கம்மாள். எந்திரிங்க." ஒரு தாளைப் பிரித்தார். "'இந்த மீட்டினால் கல்லைப் புரட்ட வேண்டிய பலம்.' என்ன பாஷை இது? 'தூக்கு ஆறாயிரம் அடி-பவுண்டு. ஆகவே வெரசு.' மூணு தாள்லயும் அதே தூக்கு, அதே மீட்டு, அதே வெரசு. புத்தகத்துல இல்ல, நான் சொல்லித்தரல. யார் யாரைப் பாத்து எழுதினீங்க?"

"யாரும் பாக்கலீங்க சார். தங்கம்மாள் முன் பெஞ்சு, நான் கடைசி பெஞ்சு" என்றான் சென்றாயன்.

"காக்கா கொண்டுவந்து குடுத்துச்சோ?"

வகுப்பு சிரித்தது. தங்கம்மாள் சிரிக்கவில்லை. "நாங்க வெச்ச பேருங்க சார் அதெல்லாம். சேந்து படிச்சோம்."

"சேந்து படிச்சீங்களா, சேந்து எழுதினீங்களா? அதைத் தெரிஞ்சுக்கறேன்."

ஆளுக்கு ஒரு சிலேட்டு கொடுத்து, மூன்று மூலைகளில் நிறுத்தினார். பலகையில் எழுதினார். ஐந்து டன் எடையுள்ள லாரி, மூன்று மைல் நீளமுள்ள கணவாய்ப் பாதையில், பன்னிரண்டு நிமிடத்தில் 495 அடி உயரம் ஏறுகிறது. உராய்வை விட்டுவிடலாம். திறன் எத்தனை குதிரைசக்தி?

"தொப்பூர் கணவாய்னே வெச்சுக்கோங்க. ஒருத்தர் தப்பாப் போட்டாலும் மூணு தாளும் பூஜ்யம்."

சென்றாயன் கணக்கைப் பார்த்தான். லாரிதான். கரி வாசனையே வந்த மாதிரி இருந்தது. நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறது? 495-ஐப் பன்னிரண்டால் வகுத்தான். நாற்பத்தொன்றே கால் அடி. ஐந்து டன் என்றால் 11,200 பவுண்டு. நிமிஷத்துக்குத் தூக்கு 4,62,000. ஒரு குதிரைக்கு 33,000. பதினாலு குதிரை. மீதியில்லை. மீதியில்லாமல் வந்தால் சரியாகத்தான் இருக்கும்.

நிமிர்ந்தான். எதிர் மூலையில் தங்கம்மாள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டிருந்தாள்.

ராஜாமணி எழுதிக்கொண்டிருந்தான். பலகையையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பலகையில் அவன் கண் நின்ற இடம் சென்றாயனுக்குத் தெரிந்தது. மூன்று மைல். பெருக்கப் போகிறான், பாவி. அதை அடியாக்கி எல்லாவற்றோடும் பெருக்கி, மூன்று பேரையும் கரி அடுப்பில் தள்ளப் போகிறான். சென்றாயன் தொண்டையைக் கனைக்க நினைத்தான். கனைத்தால் எல்லாம் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ராஜாமணி எழுதுவதை நிறுத்தினான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அது என்ன வார்த்தை என்று சென்றாயனுக்குத் தெரியும். எது ஏறுது? எவ்வளவு ஏறுது? சட்டைக் கையால் சிலேட்டில் ஒரு வரியை அழித்தான் ராஜாமணி. அப்புறம் நிற்கவேயில்லை.

சேஷையா மூன்று சிலேட்டுகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் பதினாலு. சென்றாயன் முதலில் நிமிஷத்துக்குக் கணக்கிட்டிருந்தான். ராஜாமணி மொத்தத் தூக்கு ஐம்பத்தைந்து லட்சத்து நாற்பத்து நாலாயிரத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் நிமிஷத்தால் வகுத்திருந்தான். தங்கம்மாள் எதையும் பெருக்காமல் ஒரே பின்னமாகப் போட்டு, மேலும் கீழும் அடித்து அடித்து, மூன்றே வரியில் முடித்திருந்தாள். ஒருத்தர் வழி ஒருத்தருக்கு ஒட்டவேயில்லை.

சேஷையா ராஜாமணியின் சிலேட்டைக் கையில் எடுத்தார்.

"மூணு மைலை ஏண்டா விட்டே?" என்று ராஜாமணியைக் கேட்டார்.

"அது நடக்கறது சார். தூக்கு இல்லைங்க."

வகுப்பு சிரிக்கவில்லை. சேஷையா சிவப்பு மையைத் தொட்டு மூன்று தாள்களிலும் மார்க் போட்டார். "சர்க்கார் பரீட்சையில மீட்டு, கீட்டுனு எழுதினீங்கன்னா தாளைக் கிழிச்சிருவான். அந்த வார்த்தைங்களுக்காக நாலு மார்க் கழிச்சுட்டேன். உக்காருங்க." சென்றாயனுக்கு அறுபத்தொன்று. தேற முப்பத்தைந்து போதும்.

வெளியே வந்ததும் ராஜாமணி சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். "போட்டுக்குங்க, எங்கம்மா பாக்குறாங்க" என்றாள் தங்கம்மாள். அவள் அம்மா அங்கே எங்கும் இல்லை. அவளும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் சென்றாயன் லாரி நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போனான். மாது அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாடா. திங்கக்கிழமை சேலம் லோடு. பழைய துணி எடுத்துக்கிட்டு வந்துரு."

"வேற ஆளைப் பாருங்க மாமா. என்னைச் செலக்ஷன் பண்ணிட்டாங்க."

"பாஸாயிட்டியா?"

"இல்லீங்க. பரீட்சை இனிமேத்தான்."

மாது கம்பியைக் கீழே போட்டார். "பரீட்சையே எழுதல. அப்பறம் என்னாத்துக்குடா இப்பிடிப் பல்லக் காட்டுற?"

சென்றாயன் இன்னும் அகலமாகச் சிரித்தான். மாது அவனை முறைத்துவிட்டு, அடுப்புக் கம்பியைத் தானே எடுத்துக்கொண்டு குனிந்தார்.