கழித்தல் எழுபத்து நான்கு

அண்ணி வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அண்ணன் போய் இருபது நாளாகியிருந்தது. அன்று ரத்தத்தைச் சரியாக எடுக்காமல் இரண்டாம் முறை எடுக்கவைத்த நர்ஸ் மேல் புகார் எழுத வேண்டும். அதற்கு நான்தான் சரியான ஆள் என்று முடிவு செய்திருந்தார். மருத்துவக் கல்லூரியில் பதினெட்டு வருடமாக உடலியங்கியல் நடத்துகிறவளாயிற்றே, விவரம் தெரியாமல் போகுமா?

"மொதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அவருக்கு என்னதான் ஆச்சு?"

வகுப்பில் சொல்வதையே சொன்னேன். இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியமும் குளோரைடும் அதிகம். நடுவே மெல்லிய சவ்வு. அதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவு. செல்லின் மின்னழுத்தத்தை ஒவ்வோர் அயனியும் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும். நம் வீட்டில் நடப்பதுதான். ஆளுக்கொன்று சொல்வார்கள், ஒருவர் பேச்சுதான் எடுபடும். யாருக்குக் கதவு நன்றாகத் திறந்திருக்கிறதோ அவர் பேச்சு. ஓய்வில் இருக்கும்போது பொட்டாசியத்துக்குத்தான் கதவு திறந்திருக்கும், சோடியத்துக்கு வெறும் கீற்றளவு. அதனால் மின்னழுத்தம் பொட்டாசியம் சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கழித்தல் எண்பத்தொன்பது மில்லிவோல்ட் வாக்கில் நிற்கும். அங்கே நின்றால்தான் அடுத்த துடிப்புக்குச் சோடியக் கதவுகள் படாரென்று திறக்கும். சிறுநீரகம் கைவிட்டால் வெளியேயும் பொட்டாசியம் சேர்ந்துவிடும். இழுப்பு தளர்ந்துபோகும், சோடியக் கதவுகளில் பல பூட்டிக்கொள்ளும், இதயம் தடுமாறும்.

அண்ணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு, முதல் ரிப்போர்ட்டிலேயே அது தெரிந்திருக்க வேண்டுமே என்றார்.

தெரிந்தது. டயாலிசிஸ் இயந்திரம் பழுதாகி அண்ணனுக்கு ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. அன்று காலை எடுத்த ரத்தத்தில், ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் எட்டு. பணியில் இருந்த டாக்டர் என் பழைய மாணவி. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இதயத்தைக் காக்கும் கால்சியம் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? ரிப்போர்ட்டை வாங்கி, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எல்லா அயனியையும் சேர்த்துப் போடும் பெரிய கணக்கு. கழித்தல் எழுபத்து நான்கு வந்தது. எண்பத்தொன்பதிலிருந்து அவ்வளவு தளர்ந்துபோன இதயத்தோடு ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்து, குத்திய நர்ஸைக் கலாய்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ரத்தமும் லேசாகச் சிதைந்திருந்ததாக ரிப்போர்ட்டில் குறிப்பு. குழாயில் அணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் கொட்டியிருக்கும், மறுபடி எடுக்கலாம் என்றேன். ஈசிஜி மட்டுமாவது எடுத்துவிடலாமா மேடம் என்று அவள் இழுத்தாள். இரண்டாவது ரிப்போர்ட் வரட்டும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

"எங்க வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அண்ணன். டாக்டர் ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. எட்டு புள்ளி இரண்டு. அதற்குள் அண்ணனின் தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. பல மாதமாகப் பொட்டாசியம் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு கடைசிவரை சிரித்துப் பேசும், பிறகு ஒரே நொடியில் கைவிடும். இதையும் நான் வருடா வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் கணக்கில்தான் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

இருபது நாளாக நான் வாய் திறக்கவில்லை. அண்ணி நர்ஸைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவ்வளவு பெரிய கோழை நான். இப்போது அந்த நர்ஸின் வேலையே என் பேனா முனையில் நின்றது.

"நர்ஸ் எடுத்த ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. கெட்டுப்போச்சுன்னு சொன்னது நான்."

அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அந்த டாக்டர் பொண்ணு ஊசியக் கையில எடுத்ததைக் கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன்," என்றார். "ஏன் திருப்பி வச்சான்னு தெனமும் யோசிச்சேன். உங்கிட்ட கேக்கணும்னு மட்டும் தோணவே இல்ல."

என்னைத் தவிர வேறு யாரையும் அவர் அவ்வளவு நம்பியதில்லை.

தாளை என் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

"அதையே எழுது. உன் பேரைப் போட்டு எழுது."